சாராயத்தில் கரையும் நிறங்கள்

தமிழில் இந்தப் பிராணிக்கு வைக்கவேண்டிய பேரை வேறொரு பிராணி முன்னாடியே எடுத்துக்கொண்டுவிட்டது. நாடா என்றால் ரிப்பன். ரிப்பன் மாதிரி நீளமாக, வழவழவென்று இருக்கும் புழுவை நாடாப்புழு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நாடாப்புழு என்றதும் எல்லாருக்கும் வயிறுதான் ஞாபகம் வரும். ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டிருந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, "லீவு நாள்ல என்னடா பண்ற?" என்று கேட்டாள். "கடற்கரையில நாடாப்புழு தேடுறேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கருமம், அது வயித்துல வர்றதுடா. கையக் கழுவினியா?"

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ரிப்பன் புழு என்றே எழுதுகிறேன். வயிற்றில் இருக்கும் நாடாப்புழு துண்டு துண்டாகக் கோத்த உடம்பு; அதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது, மற்றவர் செரித்ததை உறிஞ்சிப் பிழைப்பது. ரிப்பன் புழுவோ பெரும்பாலும் கடலில் சுதந்திரமாகத் திரியும் வேட்டைக்காரப் பிராணி. வாய் உண்டு, ஆசனவாய் உண்டு, ரத்தக் குழாய்கள் உண்டு. உயிரியலில் இந்தக் கூட்டத்துக்கு நெமர்டியா என்று பேர். கிரேக்கக் கடல் தேவதைகளில் ஒருத்தி நெமர்டீஸ். அந்தப் பேருக்குப் பிசகாதவள் என்று பொருள். பிசகாதவள் பேரை வைத்துக்கொண்டிருக்கும் இந்தக் கூட்டத்தை அடையாளம் காண்பதுபோலப் பிசகு நேரக்கூடிய வேலை உயிரியலில் அதிகம் இல்லை.

நான் படிக்கப் போனது வேறு பாடம். தங்கியிருந்த ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃபுக்குப் பேர்போன ஊர் என்பார்கள். எனக்குக் கோல்ஃப் தெரியாது, குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடல் உள்வாங்கும் நேரத்தை அட்டவணையில் பார்த்து, பாறைகளுக்கு நடுவே போய்க் குனிந்து நிற்பதுதான் செலவில்லாத பொழுதுபோக்காக இருந்தது. கடல்சார் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், எங்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் போட்ட முதல் விதி: புரட்டிய கல்லை, புரட்டிய மாதிரியே திருப்பி வை. இரண்டாவது விதி: கையில் ஸ்பிரிட் பாட்டிலோடு வராதே. இரண்டாவது விதியின் அர்த்தம் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. இந்தப் புழுவின் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

கல்லைப் புரட்டியதும் முதலில், இது எதுவெல்லாம் இல்லை என்று பார்க்க வேண்டும். உடம்பில் வளையம் வளையமாகக் கோடுகளும், இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி சிறு கால்களும் முள்முடியும் இருந்தால் அது மண்புழுவின் கடல் சொந்தக்காரன். இலை மாதிரி அகலமாக, காகிதக் கனத்தில், ஓரங்கள் அலையடிக்க வழுக்கிக்கொண்டு போனால் தட்டைப்புழு. வளையமும் இல்லை, காலும் இல்லை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் பிசுக்கோடு நீண்டுகொண்டே போகிறதா, அது ரிப்பன் புழுவாக இருக்கலாம். விரலால் மெல்லத் தொட்டால் ஒரு முழம் இருந்தது ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கிவிடும். விட்டால் மறுபடி நீளும். இழுத்தால் அறுந்துவிடும். ஆகவே இழுக்கக் கூடாது. குச்சியாலோ மென்மையான தூரிகையாலோ நெம்பி, கடல்நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விட வேண்டும்.

எல்லா ரிப்பன் புழுக்களுக்கும் பொதுவான ஒரே அடையாளம் வெளியே தெரியாது. குடலுக்கு மேலே, உடம்பின் நீளவாக்கில், திரவம் நிறைந்த ஒரு உறைக்குள் ஒரு துதிக்கை மடங்கிக் கிடக்கும். யானையின் துதிக்கை மாதிரி எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துவிட்டுப் பிறகு ஊதி வெளியே தள்ளினால் எப்படி வரும், அப்படி உள்ளே-வெளியே புரண்டு ஒரு நொடியில் பாய்ந்து இரையைச் சுற்றிக்கொள்ளும். சில வகைகளில் அதன் நடுவே ஒரு ஊசி இருக்கும். குத்தி நஞ்சு ஏற்றும். இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும்: ஒரு புழு கையளவு இடத்தில் வெள்ளை வேர்களைக் கக்குவது மாதிரி ஒரு வீடியோ சில வருஷங்களுக்கு முன்னால் சுற்றியது. அது கோர்கனோரிங்கஸ் இனத்தைப் போல, துதிக்கை கிளைகிளையாகப் பிரிந்த ரிப்பன் புழு. கீழே கமெண்டில் ஏலியன், பேய் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பாவம், அது பயந்துபோய்க் கக்கியிருக்கும்.

துதிக்கை தெரியாது என்பதால் தலையைப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் போதும், பொறுமைதான் வேண்டும். தலையின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறிய மாதிரி நீளப் பிளவுகள் இருக்கின்றனவா? இருந்தால் லினியஸ், செரிபிராட்டுலஸ் வகையறா. செரிபிராட்டுலஸ் என்றால் உடம்பு இன்னும் பட்டையாக இருக்கும், வால் நுனியில் மெல்லிய ஒரு இழை தொங்கும், தண்ணீரில் மேலும் கீழும் அலைந்து நீந்தவும் செய்யும். பிளவு இல்லாமல், தலையின் மேல் நாலு கண் சதுரமாக நாலு மூலையில் இருந்தால் டெட்ராஸ்டெம்மா பக்கம் போகலாம். கண்கள் நிறைய, கூட்டம் கூட்டமாக, உடம்பு பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் ஆம்ஃபிபோரஸ். கண்ணே இல்லை, நூல் மாதிரி மெலிசு, வாய் தலையிலிருந்து ரொம்பப் பின்னால் தள்ளி இருக்கிறது என்றால் செஃபலோத்ரிக்ஸ். இங்கே கண் என்று சொல்வது வெறும் கரும்புள்ளி. வெளிச்சம், இருட்டு தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் நாலு கரும்புள்ளிகள் லென்ஸுக்குள் நம்மை நோக்கித் திரும்பும்போது, யாரோ பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் சுலபம் என்று தோன்றும். லினியஸ் வந்ததும் சிக்கல் ஆரம்பிக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பாறைகளுக்கு அடியில் ஒரே மாதிரி இரண்டு புழு கிடைக்கும். ஒன்று செங்காவி, இன்னொன்று கரும்பச்சை. டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரெட்ரிக் முல்லர் 1774லேயே இரண்டுக்கும் தனித்தனிப் பேர் வைத்தார்: ரூபர் என்றால் சிவப்பு, விரிடிஸ் என்றால் பச்சை. பின்னால் வந்தவர்கள் பலர், நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். நிறத்தை நம்பக் கூடாது என்பது விலங்கியலில் பழைய புத்திமதி. சரியான புத்திமதிதான், ஆனால் இந்த விஷயத்தில் உண்மை முட்டைக்குள் இருந்தது. பச்சைப் புழுவின் முட்டைப் பையிலிருந்து குஞ்சுகள் நிறைய வெளியே வரும். சிவப்பின் பையில் சில குஞ்சுகள் பக்கத்திலிருக்கும் உடன்பிறப்பு முட்டைகளைத் தின்று கொழுக்கும். வெளியே வருவது கொஞ்சம், ஆனால் பெரிசு. நிறம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதோடு முடியவில்லை. 2017இல் டிஎன்ஏவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்த ஒரு ஜெர்மன் குழு, இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது என்று காட்டியது. அதற்கு வைத்த பேர் கிளாண்டஸ்டினஸ். ரகசியமானது.

மூன்றாவதாக ஒரு லினியஸ் உண்டு, சாங்வினியஸ். சிவப்புக்கும் இதற்கும் குழப்பம் சகஜம். இதைப் பிரிக்க அந்தப் பெண்மணி சொல்லிக்கொடுத்த வழி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். லென்ஸ் வேண்டாம். தூரிகை நுனியால் லேசாகச் சீண்டு. ரூபர் சுருங்கிக் குட்டையாகி, தடித்துப்போகும். சாங்வினியஸ் ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். உடல் அடையாளம் என்றால் நீளம், அகலம், நிறம் என்றே நாம் நினைக்கிறோம். பயந்தால் எப்படிச் சுருங்குகிறது என்பதும் அடையாளம்தான். ஆனால் அது செத்த புழுவிடம் இருக்காது.

நீளத்தையாவது நம்பலாமா? இந்த ஊரில் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. வில்லியம் கார்மைக்கேல் மக்கிண்டோஷ் இந்த ஊர்க்காரர், படித்தது மருத்துவம். பெர்த்ஷயரில் மனநல மருத்துவமனை ஒன்றை நடத்திக்கொண்டே புழு ஆராய்ந்தவர். 1864இல் ஒரு புயலுக்குப் பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒரு லினியஸ் லாங்கிஸிமஸ் ஒதுங்கியது. ஆங்கிலத்தில் இதை பூட்லேஸ் புழு என்பார்கள். கருப்பு கலந்த பழுப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் ஊதா மினுக்கு. எட்டு அங்குல அகலப் பாத்திரத்தில் பாதி நிறையக் கிடந்தது அந்த ஒற்றைப் புழு. சிக்கெடுத்துச் சிக்கெடுத்து 30 கஜம், அதாவது 27 மீட்டர் அளந்தார். பாதிகூடப் பிரியவில்லை என்று எழுதிவைத்தார். அந்தப் பாதியை இரட்டிப்பாக்கித்தான் 55 மீட்டர், உலகத்திலேயே நீளமான விலங்கு, நீலத் திமிங்கிலத்தைவிட நீளம் என்ற கணக்கெல்லாம் வந்தது. பொதுஅறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் போட்டுவிடுவார்கள். இழுக்க இழுக்க நீளும் ஒரு பிராணியின் உண்மையான நீளம் எது என்று அந்த வரி கேட்பதில்லை. மக்கிண்டோஷ் 55 என்று எழுதவில்லை என்பதில் எனக்கு அவர்மேல் மரியாதை. பார்த்த வரைக்கும் அளந்தார், மிச்சத்தை மிச்சம் என்று சொல்லிவிட்டார்.

(இதே புழுவின் பிசுக்கில் இருக்கும் நஞ்சைப் பற்றி ஸ்வீடனில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். மிகக் குறைந்த அளவே நண்டைக் கொல்கிறது, கரப்பானை முடக்குகிறது. அம்மா கையக் கழுவச் சொன்னதில் தப்பில்லை.)

இனி இரண்டாவது விதிக்கு வருகிறேன். கையில் ஸ்பிரிட் பாட்டில் எதற்கு வேண்டாம்? ஆய்வகத்தில் ஒரு நாள் பழைய ஜாடிகளைக் காட்டினார். ஒரு வரிசை முழுக்க ரிப்பன் புழுக்கள். எல்லாம் ஒரே நிறம்: பழைய சோற்றுத் தண்ணீர் நிறம். ஸ்பிரிட்டில் போட்ட அந்த நிமிஷம் புழு துடித்துச் சுருங்கும், துதிக்கையைக் கக்கும், பல துண்டாக உடையும். கொஞ்ச நாளில் சிவப்பும் பச்சையும் ஊதா மினுக்கும் சாராயத்தில் இறங்கிவிடும். கண் புள்ளிகள் மங்கும். தலைப் பிளவு சுருக்கத்தோடு சுருக்கமாகிவிடும். நான் மேலே சொன்ன ஒவ்வொரு அடையாளமும் அந்த ஜாடிக்குள் அழிந்திருந்தது. ஒட்டியிருந்த சீட்டில் ஊர், தேதி, பிறகு "நெமர்டியா". பாட்டி தாத்தா போட்டோவுக்குப் பின்னால் "மனிதர்கள்" என்று எழுதிவைத்த மாதிரி.

அப்படியும் விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு மேல் ஜாடிப் புழுவை வைத்துத்தான் பேர் வைத்தார்கள். மெழுகில் பொதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, தசை அடுக்குகளை எண்ணி விவரிப்பார்கள். உயிரோடு அது எப்படி இருந்தது என்பதற்குப் பல விவரிப்புகளில் ஒரு வரிகூட இருக்காது. ரே கிப்சன் 1995இல் உலகத்து ரிப்பன் புழுக்களைப் பட்டியல் போட்டபோது 1149 இனங்கள் தேறின. அவற்றில் பலவற்றைக் கடற்கரையில் உயிரோடு பார்த்தால் இதுதான் அது என்று சொல்ல வழி கிடையாது. 2016இல் இந்தத் துறைக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: சீவல் கட்டாயம் வேண்டாம், உயிருள்ள புழுவின் தோற்றமும் டிஎன்ஏவும் இருந்தால் புது இனத்தை விவரிக்கலாம். நான் இந்தத் துறை ஆள் இல்லை. ஆனால் இது காலம் தாழ்த்தி வந்த புத்தி என்றுதான் எனக்குப் படுகிறது. ஏனென்றால் உயிரோடு இருக்கும்போதே பார்த்துப் பதிந்துவிட வேண்டும் என்று இந்த ஊரில் ஒரு பெண் நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே செய்து காட்டியிருந்தாள்.

ராபர்ட்டா மக்கிண்டோஷ், வில்லியமின் தங்கை. அண்ணன் பிடித்து வந்த புழுக்களைத் தட்டில் உயிரோடு வைத்துக்கொண்டு நீர்வண்ணத்தில் வரைந்தாள். ரே சொசைட்டி 1873-74இல் வெளியிட்ட மக்கிண்டோஷின் பெரிய நூலில், ரிப்பன் புழுக்களின் வண்ணத் தகடுகளுக்கு மூலம் அவள் கைதான். நான் பார்த்தது நூலகத்தின் கணினித் திரையில். செங்காவி செங்காவியாகவே இருக்கிறது. ரோஸ் உடம்புக்குள் குடல் மங்கலாகத் தெரிகிறது. கண் புள்ளிகளை எண்ணலாம். நான் காலையில் தட்டில் பார்த்த புழு எது என்று மாலையில் அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடிந்தது. அதே ஊரில் ஜாடிக்குள் இருக்கும் புழுவை வைத்துச் சொல்ல முடியாது. ஓடிக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருக்கும் ஒரு பிராணியை, அது சாவதற்குள், தண்ணீர் சூடாவதற்குள் வரைவது என்றால் எத்தனை மணி நேரம் குனிந்திருப்பாள் என்று யோசித்தேன்.

1868இல் அவளுக்கும் ஆல்பர்ட் குந்தருக்கும் கல்யாணம் ஆனது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக் குந்தர். பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வனவற்றைப் பற்றி 1864இல் புத்தகம் எழுதியவர். நம்மூர்ப் பாம்புகளைப் படிப்பவர்களுக்கு இந்தப் பேர் பழக்கம். மறு வருஷம் மகன் பிறந்து கொஞ்ச நாளில் ராபர்ட்டா இறந்துபோனாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான். புத்தகம் வெளிவர இன்னும் நாலு வருஷம் இருந்தது. குந்தர் பேரில் எத்தனையோ மீனும் பாம்பும் இருக்கின்றன. அவள் பார்த்த நிறங்கள் மட்டும் அவள் பேர் தெரியாமலே எடுத்தாளப்படுகின்றன.

இந்த ஊரிலிருந்து நம் கடலுக்கும் ஒரு கோடு போகிறது. பிளஸ் டூ பயாலஜியில் பட்டாணிச் செடிக்குக் கட்டம் போட்டு மார்க் வாங்கியிருப்போமே, பன்னெட் கட்டம், அந்த ரெஜினால்ட் பன்னெட் மரபியலுக்குப் போவதற்கு முன்னால் ரிப்பன் புழு ஆள். மக்கிண்டோஷ் பேராசிரியராக இருந்த காலத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். ஸ்டான்லி கார்டினர் 1899-1900இல் மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் சேகரித்து வந்த ரிப்பன் புழுக்களை எழுதியது இவர்தான். கட்டத்துக்கு முன்னால் புழு இருந்தது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டத்தையாவது கொஞ்சம் ஆசையோடு போட்டிருப்பேன்.

லட்சத்தீவில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். "டேய், உன் ஆளு. இது என்ன?" இரவு, டார்ச் வெளிச்சம், பவளக் கல். அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு புழு, முதுகின் நடுவே நேர்கோடாக ஒரே ஒரு கருங்கோடு. இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் வரை காணப்படும் பேஸோடிஸ்கஸ் ஹெம்ப்ரிச்சி நினைவுக்கு வந்தது. ஹெம்ப்ரிச் செங்கடலில் சேகரிக்கப் போய் 1825இல் மசாவா துறைமுகத்தில் காய்ச்சலில் செத்துப்போனவர். கூடப் போன ஏரன்பெர்க் திரும்பி வந்து, நண்பன் பேரை இந்தப் புழுவுக்கு வைத்தார். கோடு ஐந்து என்றால் அதே பேரினத்தில் வேறு இனம். உடைந்த கோடுகள் நிறைய என்றால் இன்னொன்று.

ஆனால் போட்டோவில் தலை இல்லை. கல்லிடுக்கில் இருந்தது. தலையில் குறுக்காக ஒரு கரும்பட்டை இருக்க வேண்டும், முதுகுக் கோடு அதில் போய்ச் சேர வேண்டும். அடிவயிற்றிலும் கோடு இருக்கிறதா பார்க்க வேண்டும். அவனுக்கு எழுதினேன்: பிடிக்காதே, இழுக்காதே, ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். தலை வெளியே வரும்வரை காத்திரு. பக்கத்தில் ஏதாவது ஒரு காசை வை, அளவு தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடி. போட்டோவைவிட வீடியோ நல்லது. "உனக்கென்ன, அங்க உக்காந்துகிட்டு சொல்லுவ, இங்க கால்ல முள்ளெலி குத்துது" என்று பதில் வந்தது. அவன் சொல்வது கடல் முள்ளெலியை.

மூன்று நாள் கழித்து ஒரு வீடியோ அனுப்பினான். 40 விநாடி. ஐந்து ரூபாய்க் காசு ஒன்று மணலில் பளபளக்கிறது. காசைத் தாண்டி ஒரு தலை வருகிறது, மழுங்கின தலை, அதன்மேல் குறுக்காகக் கரும்பட்டை, நடுக்கோடு அதில் போய் முட்டுகிறது. தலை அந்தப் பக்கத்துக் கல்லிடுக்கைத் தடவிப் பார்த்து உள்ளே நுழைகிறது. பின்னாலேயே வெள்ளை உடம்பும் அந்த ஒற்றைக் கோடும் காசைக் கடந்து போகின்றன. "இன்னும் முடியலடா" என்று நண்பன் குரல் கேட்கிறது. வீடியோ நின்ற இடத்திலும் காசுக்குப் பக்கத்தில் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது, வால் வரவில்லை.